முடிவை மட்டும் அல்ல, காரணத்தையும் எழுதி வைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுத் துறைகளின் தகவல் மேலாண்மைத் திட்டங்களைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் எவ்வளவு செலவு, எந்த நிறுவனம், எப்போது முடியும் என்பவை பேசப்படுகின்றன. திட்டத்தில் எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும் எங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன என்று யாரும் கேட்பதில்லை. ஒரு பதிவேட்டைக் கணினிக்குக் கொண்டுவரும் வேலை 3 ஆண்டுகள் நடந்தால், அதற்குள் அதிகாரிகள் மாறுதலாகிப் போவார்கள். ஒப்பந்ததாரரின் ஆட்களும் மாறுவார்கள். கடைசியில் ஒரு கையேடு ஒப்படைக்கப்படும். எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்தத் திரை வரும் என்பது அதில் இருக்கும். விண்ணப்பத்துக்கு 'நிலை 7' என்று ஒரு குறியீடு ஏன் தேவைப்பட்டது, அதற்கும் 'நிலை 6'-க்கும் என்ன வேறுபாடு, அதை எடுத்துவிட்டால் எந்த அறிக்கை தவறாகும் என்பது இருக்காது.

அந்தக் காரணம் எங்குமே எழுதப்படவில்லை என்றும் சொல்ல முடியாது. பாதி ஒரு மின்னஞ்சலில் இருக்கும், மீதி ஒரு கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் இருக்கும். யாரோ ஒருவருடைய கணினியில் 'இறுதி', 'இறுதி திருத்தியது', 'இறுதி 3' என்று மூன்று கோப்புகள் இருக்கும். அவற்றில் ஒப்புதல் பெற்றது எது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அவர் மாறுதலானதும் அதுவும் தெரியாமல் போகும். ஆகவே, குழு முழுவதும் சேர்ந்து எழுதும் ஆவண விக்கி ஒன்றை, அதாவது உலாவியிலேயே திறந்து எழுதவும் திருத்தவும் கூடிய பக்கங்களின் தொகுப்பு ஒன்றைத் திட்டத்தின் முதல் மாதத்திலேயே தொடங்க வேண்டும் என்று வலியுறுத்துகிறோம். முறையில்லாமல் தொடங்கிய விக்கி சில மாதங்களிலேயே யாரும் எட்டிப்பார்க்காத இடமாகிவிடும் என்பதால், முறையைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

விக்கி புதிய கருவி அல்ல. நிரலாளர்கள் தங்கள் உத்திகளைச் சேர்ந்து எழுதிவைப்பதற்காக அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்ஹாம் 1995 மார்ச்சில் முதல் விக்கியைத் தொடங்கினார். ஹவாய் மொழியில் 'விக்கி விக்கி' என்றால் விரைவு. ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடும் பேருந்தின் பெயரிலிருந்து அதை எடுத்துக்கொண்டார். விக்கிப்பீடியா வந்தது அதற்குப் பிறகு, 2001-இல். கனடாவின் கூட்டரசு ஊழியர்கள் 2008 முதல் ஜிசிபீடியா என்ற உள் விக்கியைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். அரசு வேலைக்கு மிகவும் பொருந்துவது விக்கியின் 'வரலாறு' என்ற பகுதி. யார், எந்த நாளில், எந்தச் சொல்லை மாற்றினார் என்பதை விக்கி தானே குறித்துக்கொள்கிறது. எந்தப் பழைய வடிவத்துக்கும் திரும்பலாம். பல விக்கிகளில் ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால், அதைப் பற்றி விவாதிக்க ஒரு பேச்சுப் பக்கம் உண்டு. கோப்பில் குறிப்பெழுதிப் பழகியவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

முதலில் விக்கியில் எது இருக்கக் கூடாது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். கையெழுத்திட்ட ஆணை, ஒப்பந்தம், ஏலப்புள்ளி ஆவணம் இவற்றின் மூலப் பிரதி பதிவுக் கோப்பில்தான் இருக்க வேண்டும். ஆவண மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 15489 தரநிலை ஒரு பதிவுக்கு உண்மைத்தன்மை, நம்பகத்தன்மை, சிதையாமை, பயன்படுத்தத்தக்க தன்மை என்ற 4 பண்புகளைக் கேட்கிறது. விக்கிப் பக்கமோ நாளைக்கு மாறுவதற்காகவே எழுதப்படுவது. எனவே விக்கியில் கோப்பு எண்ணும் தேதியும் சுருக்கமும் போதும். கடவுச்சொல், சர்வர் சாவி, குடிமக்களின் பெயர், அடையாள எண் ஆகியவற்றை மாதிரிக்காகக்கூட எழுதக் கூடாது. தவறுதலாக எழுதிவிட்டு உடனே அழித்தாலும் அது வரலாற்றில் இருக்கும், பக்கத்தைக் கவனிப்பவர்களுக்குப் போன மின்னஞ்சலில் இருக்கலாம், அன்றிரவு எடுத்த பேக்கப்பிலும் இருக்கும். அப்படி நேர்ந்தால் முதல் வேலை அந்தக் கடவுச்சொல்லை மாற்றுவது. பக்கத்தின் பழைய பதிப்பை நிர்வாகியிடம் சொல்லி மறைப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

மென்பொருளைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. விக்கிப்பீடியா இயங்கும் மென்பொருளான மீடியாவிக்கி பெரிய அளவுக்குத் தாங்கும், தமிழ் இடைமுகமும் உண்டு. அதன் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு 3 ஆண்டு வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்பதால் அதையே நிறுவ வேண்டும். டோக்குவிக்கி தரவுத்தளம் இல்லாமல் எளிய உரைக் கோப்புகளாகவே பக்கங்களைச் சேமிக்கிறது. சிறிய குழுவுக்கு அது போதும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். மீடியாவிக்கியில் சில பக்கங்களைச் சிலர் மட்டும் படிக்கும்படி பூட்டலாம் என்று நம்பி இறங்கக் கூடாது. அது அந்த நோக்கத்தில் கட்டப்படவில்லை என்று அதன் ஆவணங்களே எச்சரிக்கின்றன. பூட்டிய பக்கத்தின் உரை தேடல் முடிவு வழியாகவோ, அந்த உரையை வேறொரு பக்கத்துக்குள் தோன்றவைக்கும் உள்ளிணைப்பு வழியாகவோ வெளியே வந்துவிடலாம். ரகசிய நிலை வேறானால் விக்கியும் வேறாக இருக்க வேண்டும். அமெரிக்க உளவுத் துறைகளின் இன்டெலிபீடியா மூன்று ரகசிய நிலைகளுக்கு மூன்று தனி வலையமைப்புகளில் மூன்று விக்கிகளாகத்தான் அமைக்கப்பட்டது.

இனி முக்கியமானது. திட்ட விக்கியின் உயிர் முடிவுப் பக்கங்களில் இருக்கிறது. ஒரு முடிவுக்கு ஒரு பக்கம். அதில் என்ன கேள்வி எழுந்தது, எந்தெந்த வழிகள் பார்க்கப்பட்டன, எது தேர்ந்தெடுக்கப்பட்டது, ஏன், அதனால் எதை இழக்கிறோம், எந்தத் தேதியில் எந்தக் கோப்பில் ஒப்புதல் கிடைத்தது என்பவை இருக்க வேண்டும். ஒரு திரை அளவுக்குள் முடிய வேண்டும். பலரும் விட்டுவிடுவது கைவிட்ட வழிகளைத்தான். ஆனால் 2 ஆண்டு கழித்து வரும் புதிய குழு முதலில் முன்மொழிவது பெரும்பாலும் அதே கைவிட்ட வழியாகத்தான் இருக்கும். அது ஏன் சரிவரவில்லை என்று 4 வரி இருந்தால் ஒரு மாத வேலை மிச்சமாகும். இன்னொரு விதி: முடிவு மாறினால் பழைய பக்கத்தைத் திருத்தி எழுதக் கூடாது. புதிய பக்கம் எழுதி, பழையதன் தலையில் 'இதன் இடத்தில் வந்தது' என்று இணைப்புத் தர வேண்டும். இடைப்பட்ட காலத்தில் பதிவான தரவைப் புரிந்துகொள்ள அந்தப் பழைய முடிவு தேவைப்படும்.

அடுத்தது தரவு அகராதி. ஒவ்வொரு புலத்துக்கும், அதாவது பதிவில் ஒரு விவரத்தை நிரப்பும் ஒவ்வோர் இடத்துக்கும், அதன் பெயர், பொருள், வகை, நீளம், அனுமதித்த மதிப்புகள், யார் நிரப்புகிறார், எந்தத் தேதியிலிருந்து நடைமுறையில் உள்ளது, எந்த அறிக்கைகள் அதை எடுத்துக்கொள்கின்றன என்பவை வேண்டும். ஒப்பந்ததாரர்கள் தரவுத்தளத்திலிருந்து தானாக உருவாக்கித் தரும் பட்டியலில் வகையும் நீளமும் இருக்கும், பொருள் இருக்காது. பிறந்த தேதிப் புலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த ஆண்டு மட்டும் தெரிந்தவர்களுக்கு ஜனவரி 1 என்று பதிவது பல அமைப்புகளில் உள்ள வழக்கம். அதை அகராதியில் எழுதாவிட்டால், பின்னால் வயதுக் கணக்குப் போடுபவர் ஜனவரி 1-இல் குவிந்திருக்கும் பதிவுகளை உண்மைப் பிறந்தநாள் என்று எடுத்துக்கொள்வார், அல்லது போலிப் பதிவு என்று நீக்கிவிடுவார். இரண்டுமே தவறு. வெற்றுப் புலமும் அப்படித்தான். 'கேட்கப்படவில்லை', 'தெரியவில்லை', 'பொருந்தாது' என்ற மூன்றையும் ஒரே வெற்றிடமாகப் பதிந்திருந்தால் அதை வெளிப்படையாக எழுத வேண்டும். பெயர்ப் புலத்தில் தலைப்பெழுத்து முன்னால் வருமா, பின்னால் வருமா, புள்ளிக்குப் பின் இடைவெளி உண்டா என்பதும் அகராதியில் இருக்க வேண்டியதே. இரண்டு பதிவேடுகளை ஒப்பிடும் நாளில் பொருந்தாமல் போகும் பெயர்களில் கணிசமானவை இதனால்தான் பொருந்தாமல் போகின்றன.

பக்கத் தலைப்பில் தேதியும் பதிப்பு எண்ணும் 'புதிய' என்ற சொல்லும் வரக் கூடாது. இன்றைக்குப் புதியது அடுத்த ஆண்டு பழையது. தலைப்பு அப்போதும் 'புதிய' என்றே சொல்லும். தலைப்பு ஒருமையில் இருக்கட்டும். வேறு எழுத்துக்கூட்டலுக்கும் சுருக்கப் பெயருக்கும், சரியான பக்கத்துக்குத் தானே கொண்டுபோகும் வழிமாற்று வைக்கலாம். தமிழில் எழுதும் விக்கிக்கு இது இரட்டிப்பு அவசியம். விக்கியோடு வரும் இயல்பான தேடல் சொல்லை அப்படியே தேடுவது. 'பதிவேடு' என்று தேடினால் 'பதிவேட்டில்', 'பதிவேட்டை' என்று எழுதிய பக்கங்கள் வராது. ஆகவே பக்கத்தின் முதல் வரியிலாவது சொல் வேற்றுமை ஏறாத வடிவில் வர வேண்டும்.

எழுத்துரு விஷயத்திலும் கவனம் தேவை. பழைய எழுத்துருக் குறியீட்டில் உள்ள ஆவணத்தை நகலெடுத்து ஒட்டினால் வெறும் ரோமன் எழுத்துக் குவியல்தான் வரும். யுனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும். கொம்பும் காலும் தனித்தனியாகத் தட்டிய 'கொ'-வை மீடியாவிக்கி தானே ஒரே குறியீடாக்கிக்கொள்ளும். ஆனால் 'எ' என்ற எழுத்துக்குப் பதிலாக அதே தோற்றமுள்ள தமிழ் எண் '௭' விழுந்திருந்தாலோ, துணைக்காலுக்குப் பதிலாக 'ர' விழுந்திருந்தாலோ மீடியாவிக்கி திருத்தாது. கண்ணுக்குச் சரியாகத் தெரியும், தேடினால் கிடைக்காது. ஒரு பக்கம் இருந்தும் தேடலில் சிக்கவில்லை என்றால் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

பக்கங்களைத் துறையின் பிரிவுகளை வைத்து அடுக்குவதும் அடிக்கடி நடக்கும் பிழை. பிரிவுகள் இணைக்கப்படும், பிரிக்கப்படும், பெயர் மாறும். அப்போது அடுக்கு முழுவதும் குலையும். வேலையை வைத்து அடுக்கினால் நிற்கும். விண்ணப்பம் பெறுதல், சரிபார்த்தல், ஒப்புதல், வழங்கல், மேல்முறையீடு என்ற வரிசை எந்த மறுசீரமைப்புக்குப் பிறகும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். பகுப்புகள், அதாவது ஒரே வகைப் பக்கங்களைச் சேர்த்துக் காட்டும் பட்டியல்கள், தொடக்கத்தில் 10 அல்லது 12-க்கு மேல் வேண்டாம்.

விக்கி பாழாவதற்கு முதல் காரணம் பக்கம் பழசாவது. அது பழசானது தெரியாமல் இருப்பது அதைவிட ஆபத்து. விக்கி ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கடைசியாகத் திருத்திய தேதியைக் காட்டும். நேற்று யாரோ ஒரு காற்புள்ளியைச் சரிசெய்திருந்தால் பக்கம் நேற்றைய தேதியைக் காட்டும். உள்ளே இருக்கும் செயல்முறை 2 ஆண்டுக்கு முந்தையதாக இருக்கலாம். எனவே திருத்திய தேதி வேறு, சரிபார்த்த தேதி வேறு. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு வார்ப்புரு (எல்லாப் பக்கத்திலும் ஒரே வடிவில் வரும் ஆயத்தக் கட்டம்) வைத்து அதில் பொறுப்பாளர், கடைசியாகச் சரிபார்த்த தேதி, அடுத்து சரிபார்க்க வேண்டிய தேதி, நிலை என்ற 4 விவரங்களைப் பதிய வேண்டும். பொறுப்பாளர் என்ற இடத்தில் ஆளின் பெயர் வேண்டாம், பதவியின் பெயர் இருக்கட்டும். மாறுதலில் போகிறவர் ஒப்படைக்கும் பட்டியலில் அந்தப் பதவிக்குரிய விக்கிப் பக்கங்களும் சேர வேண்டும். செயல்முறைப் பக்கத்துக்கு 6 மாதம், சொற்பட்டியலுக்கு ஓர் ஆண்டு என்று கெடு வைக்கலாம். தரவு அகராதிக்குக் கெடு போதாது. ஒவ்வொரு மாற்றக் கோரிக்கையையும் முடித்துவைப்பதற்கு முன் அகராதிப் பக்கம் திருத்தப்பட்டதா என்று பார்க்க வேண்டும்.

கெடு தாண்டிய பக்கங்களைத் தானாக ஒரு பகுப்பில் சேர்க்கும்படி வார்ப்புருவை எழுதலாம். இதில் ஒரு நுட்பம் உண்டு. யாரும் தொடாத பக்கத்தை மீடியாவிக்கி மறுபடி கணக்கிடுவதில்லை. அதனால் கெடு முடிந்த பிறகும் அந்தப் பக்கம் பகுப்புக்கு வராமல் கிடக்கலாம். இரவில் ஒரு முறை பக்கங்களைப் புதுப்பிக்கும் பராமரிப்பு வேலையைச் சர்வரில் ஓடவிட வேண்டும். இதைச் செய்யாமல் காலியாக இருக்கும் பகுப்பைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைக்கும் குழுக்கள் உண்டு.

அலுவலகப் படிநிலைதான் கையாள்வதற்கு மிகக் கடினமானது. மேலதிகாரி எழுதிய வரியைக் கீழே உள்ளவர் திருத்தத் தயங்குவார். அந்த வரி தவறு என்பது கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் முதலில் தெரியும் என்பதால் அந்தத் தயக்கத்தின் விலை அதிகம். இதற்கு அஞ்சி எல்லாத் திருத்தத்துக்கும் முன் ஒப்புதல் என்று வைத்தால், ஒப்புதலுக்குக் காத்திருக்கும் வரிசை நீண்டு, எழுதுபவர்கள் நின்றுவிடுவார்கள். ஆணையின் வாசகம், ஒப்புதல் பெற்ற முடிவு ஆகியவற்றை மட்டும் யாரும் திருத்த முடியாதபடி பூட்டலாம். செயல்முறைப் பக்கங்களை யாரும் திருத்தலாம். தான் தேர்ந்த பக்கங்களின் மாற்றங்களைக் காட்டும் கவனிப்புப் பட்டியல் வழியாகப் பொறுப்பாளர் பார்த்து ஏற்பார் அல்லது காரணம் எழுதிப் பழைய வடிவத்துக்கு மீட்பார். மற்றதெல்லாம் திறந்தே இருக்கட்டும். மேலதிகாரிகள் தாங்களே வாரம் ஒரு பக்கத்தையாவது எல்லாரும் பார்க்கத் திருத்தினால் தயக்கம் குறையும். விக்கியின் வரலாறு ஒழுங்கு நடவடிக்கைக்கான சான்றாகப் பயன்படாது என்று எழுத்தில் உறுதி தருவதும் அவசியம் என்பது எங்கள் உறுதியான கருத்து. திருத்தத்துக்குப் பக்கத்தில் தன் பெயர் நிற்பதைக் கண்டு பயப்படுகிறவர் வாட்ஸ்அப் குழுவில்தான் சரியான தகவலைச் சொல்வார்.

எல்லாரும் எழுதுவார்கள் என்ற எதிர்பார்ப்பில் தொடங்கக் கூடாது. இணையக் குழுக்களில் 90 விழுக்காட்டினர் படிப்பார்கள், 9 விழுக்காட்டினர் அவ்வப்போது எழுதுவார்கள், 1 விழுக்காட்டினரே பெரும்பகுதியை எழுதுவார்கள் என்று இணையதளப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006-இல் எழுதினார். அலுவலகத்தில் எழுதுவதைப் பணியின் பகுதியாக்கி இதைக் கொஞ்சம் உயர்த்தலாம், மாற்றிவிட முடியாது. 50 பேர் குழுவுக்குத் தொடர்ந்து எழுதும் 3 முதல் 5 பேரும், வாரத்தில் அரை நாள் விக்கிக்கே ஒதுக்கப்பட்ட ஒரு பராமரிப்பாளரும் போதும். அந்தப் பராமரிப்பாளர் வேறெந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்பு இல்லாத உறவற்ற பக்கங்களை இணைப்பார், ஒரே பொருளுக்கு இரண்டு பக்கம் இருந்தால் சேர்ப்பார், 'அண்மைய மாற்றங்கள்' பக்கத்தைத் தினமும் பார்ப்பார். அரை நாள் என்பது அவருடைய பணிப் பட்டியலில் எழுத்தாக இருக்க வேண்டும். ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் அது நடக்காது.

குழுவுக்குத் திறந்துவிடும் நாளில் உள்ளே 20 அல்லது 30 முழுமையான பக்கங்களாவது இருக்க வேண்டும். அன்றாடம் அதிகம் கேட்கப்படும் கேள்விகளின் பதில்களாக அவை இருப்பது நல்லது. 200 தலைப்புகளில் வெற்றுப் பக்கங்களை உருவாக்கிவைப்பது பெரும் தீங்கு. மீடியாவிக்கியில், இல்லாத பக்கத்துக்குப் போகும் இணைப்பு சிவப்பாகத் தெரியும், இருக்கும் பக்கத்துக்குப் போவது நீலமாகத் தெரியும். வெற்றுப் பக்கமும் நீலமாகவே தெரிவதால் படிப்பவர் உள்ளே போய் ஏமாந்து திரும்புவார். மூன்று முறை ஏமாந்தவர் நான்காம் முறை வரமாட்டார். சிவப்பு இணைப்பு இங்கே எழுத வேண்டியது இருக்கிறது என்பதை நேராகச் சொல்கிறது. 'வேண்டிய பக்கங்கள்' என்ற சிறப்புப் பக்கம் அவற்றையெல்லாம் எண்ணிக்கையோடு காட்டும். அடுத்து எதை எழுதுவது என்பதற்கு அதைவிட நல்ல பட்டியல் கிடையாது.

ஸ்கேன் செய்த பிடிஎஃப்களை ஏற்றிவிட்டு விக்கி நிறைந்துவிட்டது என்று எண்ணுவதும் கூடாது. படமாக உள்ள பக்கத்துக்குள் தேட முடியாது, திருத்த முடியாது, என்ன மாறியது என்று ஒப்பிட முடியாது. கூட்டக் குறிப்புகளையும் அப்படியே கொட்ட வேண்டாம். ஒரு சொல்லைத் தேடினால் 40 கூட்டக் குறிப்புகள் வந்து, விடை உள்ள ஒரே பக்கம் அவற்றுக்கடியில் மறைந்துவிடும். கூட்டம் முடிந்த 2 நாளுக்குள் அதிலிருந்து முடிவுகளைப் பிரித்து முடிவுப் பக்கங்களில் எழுதிவிட்டு, குறிப்பைத் தேடலில் வராத தனிப் பெயர்வெளியில் (விக்கிக்குள் தனியாக ஒதுக்கிய பகுதியில்) வைக்கலாம்.

பேக்கப்பில் தரவுத்தளம், ஏற்றிய கோப்புகளின் அடைவு, அமைப்புக் கோப்பு மூன்றும் வேண்டும். தரவுத்தளத்தை மட்டும் எடுத்தால் படங்களும் ஏற்றிய மற்றக் கோப்புகளும் போய்விடும். பக்கங்களை ஒரே உரைக் கோப்பாக எடுக்கும் எக்ஸ்எம்எல் ஏற்றுமதியில் பக்க உரையும் வரலாறும் வரும். பயனர் கணக்குகளும் கோப்புகளும் வராது. 3 மாதத்துக்கு ஒரு முறை வேறொரு கணினியில் மீட்டுப் பார்க்க வேண்டும். எழுத்துக் குறியீடு தவறாக எடுக்கப்பட்ட பேக்கப்பில் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகக் கிடக்கும். அது தெரியவருவது மீட்கும் நாளில்தான்.

கடைசியாக ஒப்பந்தம் பற்றி. விக்கி துறையின் சர்வரில், துறையின் நிர்வாகியின் கையில் இருக்க வேண்டும். ஒப்பந்ததாரரின் ஆட்கள் அதில் கணக்குப் பெற்று எழுத வேண்டும். எழுதியவற்றின் உரிமை துறைக்கு என்பதும், ஒவ்வொரு கட்டப் பணம் வழங்குவதற்கு முன் அந்தக் கட்டத்துக்குரிய முடிவுப் பக்கங்களும் அகராதிப் பக்கங்களும் சரிபார்க்கப்படும் என்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். முடிவில் மொத்தமாக எழுதித் தருகிறோம் என்பதை ஏற்கக் கூடாது. அதற்குள் காரணம் தெரிந்தவர்கள் வேறு திட்டத்துக்குப் போயிருப்பார்கள். பக்கங்களின் எண்ணிக்கையையும் அளவாக வைக்கக் கூடாது, எண்ணிக்கையைக் கேட்டால் எண்ணிக்கைதான் கிடைக்கும். திட்டத்தில் இதுவரை வேலை செய்யாத ஒரு துறை ஊழியரை உட்காரவைத்து, யாரிடமும் கேட்காமல், விக்கியை மட்டும் பார்த்து மாத இறுதி அறிக்கையை எடுக்கச் சொல்லலாம். அவர் எங்கெங்கே நிற்கிறாரோ அந்த இடங்களைக் குறித்து, ஒப்பந்ததாரரின் ஆட்கள் கட்டடத்தில் இருக்கும்போதே அவற்றை எழுதி வாங்க வேண்டும். இந்தச் சோதனையை ஒப்படைப்பு நாளுக்கு 3 மாதம் முன்பே ஒரு முறையும், ஒரு மாதம் முன்பு வேறோர் ஊழியரை வைத்து மறுமுறையும் நடத்துவது நல்லது.

இப்படிக்கு,
அரசுத் தகவல் அமைப்புகளின் ஆவணப் பணியில் உள்ள வாசகர்கள்